எதிர்த்தரப்பு

நாற்பத்தெட்டு வயதில் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் சிரித்தேன். அது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

வாசுகியை ஈரோடு கோர்ட்டில் தெரியாதவர் கிடையாது. மனு எழுதுவது, தீர்ப்பு தேடுவது, சின்ன வழக்குகளுக்குத் தீர்ப்பே சொல்வது என்று எல்லாவற்றையும் மெஷின் எடுத்துக்கொண்ட பிறகு, மனிதர்களுக்கு என்று மிச்சம் இருந்தது குறுக்கு விசாரணை ஒன்றுதான். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாலே சாட்சிக் கூண்டில் நிற்பவன் தண்ணீர் கேட்பான். அவளுக்கு ஈடுகொடுத்து எதிர்த்தரப்பில் நிற்கக்கூடிய ஒரே ஆள் நான். சேனாபதி என்று சொன்னால் போதும், கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர் வழி காட்டுவார்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள் வாசுகி. "முடிச்சுட்டா மேல பேசலாம்."

"மாடு வக்காலத்துல கையெழுத்துப் போடாது."

"பொய்யும் சொல்லாது. இத்தனை வருசமா பொய் சொல்ற வாயவே பாத்துட்டு உக்காந்திருக்கேன். கோர்ட்லயும், வீட்லயும்."

"வீட்ல பொய் சொல்றது யாரு?"

"இப்பவே ஆரம்பிக்கறதா, இல்ல வாய்தா வேணுமா?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் சண்டை முடியாவிட்டால் வாய்தா போட்டுக்கொள்வோம். சாயங்காலம் விட்ட இடத்தில் ஆரம்பிப்போம். இன்னொரு வழக்கமும் உண்டு, அதைச் சொன்னால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சண்டை சூடு பிடித்தால் இருவரும் போனை எடுத்து மேஜை மேல் வைத்து ஒலிப்பதிவைப் போட்டுவிடுவோம். நாளைக்கு யாரும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பல்டி அடிக்கக் கூடாது அல்லவா? அடுத்த சண்டையில் பழைய சண்டையைப் போட்டுக் காட்டுவோம். இரண்டு வக்கீல்கள் ஒரே வீட்டில் குடியிருந்தால் இப்படித்தான். மகள் ஆதிரை பிளஸ் டூ முடித்ததும் முதல் ரயிலில் புனேவுக்குப் படிக்கப் போய்விட்டாள். இப்போது அங்கேயே வேலை, திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

மாட்டு ஆசை வாசுகிக்கு எங்கே வந்தது என்று கேட்டேன். கோபி கோர்ட்டுக்குப் போகும் வழியில் கார் டயர் பஞ்சராகி நின்றபோது, சாலையோரக் கொட்டகையில் ஒரு பெண் டாக்டர் தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றுக்குட்டியை இழுத்து வெளியே எடுத்ததைப் பார்த்தாளாம்.

"கன்னு வெளிய வந்துச்சு. மூக்கத் துடைச்சு விட்டாங்க. எந்திரிச்சு நின்னுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது. ஒருத்தரும் மேல்முறையீட்டுக்குப் போகல," என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதையும் கிண்டல் செய்தேன்.

படிப்பது அவ்வளவு சுலபமில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என்று எல்லாக் கல்லூரியிலும் இப்போது இடம் உண்டு, ஆனால் 'உழவு' போட்டுக்கொண்டு வந்தால்தான் சேர்ப்பார்கள். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் தொழில் நினைவு நீக்கம். எங்கள் ஊரில் உழவு. பழைய பயிரின் வேரைப் பிடுங்கிவிட்டுத் தலையைப் புதிதாக்கித் தருகிறார்கள், இருபது வயதுப் பையன் மாதிரி மண்டையில் ஏறும் என்கிறார்கள். ஏறுகிறது, நான் மறுக்கவில்லை. என் எதிர்வீட்டு லோகநாதன் பேங்க் மேனேஜராக இருந்தவர். உழவு போட்டுக்கொண்டு எக்ஸ்ரே படித்தார், இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. போன தையில் அவர் மகள் கல்யாணம். முப்பது வருஷம் அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நண்பர் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். லோகநாதன் கைகூப்பி, "வாங்க வாங்க, நீங்க மாப்பிள்ளை வீடுங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் பந்தியில் உட்காராமலே போய்விட்டார்.

இதை நான் வாசுகியிடம் எடுத்துச் சொன்னேன். பத்து விதமாகச் சொன்னேன்.

"அவரு பேங்க்ல பழகுனவரு, பேங்கோட போயிட்டாரு. நீங்க என் வீட்டுக்காரரு, கோர்ட்டோட போக மாட்டீங்க," என்றாள்.

"நாம பாத்துக்கிட்டதே கோர்ட்லதான். எதிரெதிர் தரப்புல."

"அதுக்குத்தான் ரோசனை பண்ணீட்டு இருக்கேன். கம்முனு இருந்தா நான் முடிவு பண்ணிக்குவேன். நீங்கதான் கம்முனு இருக்க மாட்டீங்களே."

எனக்குப் பயமாக இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு இவளை எப்படி மடக்கலாம் என்று யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு உற்சாகம் எதுவும் இருந்ததில்லை. கோர்ட்டில் மற்ற வக்கீல்களோடு மோதுவது சட்டையை மாட்டுவது மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான். அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவது? இதையே நேராகச் சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாளோ என்னவோ. ஆனால் எதிர்த்தரப்பிடம் பலவீனத்தைக் காட்டக் கூடாது என்பது எங்கள் இருவருக்குமே ரத்தத்தில் ஊறிய பழக்கம். நான் அவளை ஏளனம் செய்தேன், பதிலுக்கு அவள் என்னைக் கிழித்தாள், போன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கோயம்புத்தூரில் உழவு போடும் மையத்துக்குப் போனோம். வீட்டில் ஒருவர் கூட வர வேண்டும் என்பது விதி. டாக்டர் பெனாசிர் என்று ஒரு சின்ன வயதுப் பெண், நிதானமாகப் பேசினார்.

"எதை எடுக்கணும்னு மெஷினுக்கு தானா தெரியாது சார். மேடம் வேலை செய்யும்போது எப்படி இருப்பாங்கங்கிறதை நாங்க அவங்களுக்கே போட்டுக் காட்டுவோம். கோர்ட் சத்தம், அவங்க குரல், கேள்வி, பதில். அதைக் கேக்கும்போது மூளையில எங்கெல்லாம் சூடு பிடிக்குதோ அதையெல்லாம் குறிச்சுக்குவோம். குறிச்சதை எடுத்துடுவோம்."

"வீட்டு விஷயமும் அதுல கலந்திருந்தா?" என்றேன்.

"எல்லாருக்கும் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். பிரிச்சுடலாம். பிரிக்கவே முடியாதுன்னு வந்தா நாங்களா செய்ய மாட்டோம். பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவோம்."

திருப்பி அனுப்பிடுவோம். அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் அவர் சொன்ன 'நாங்களா' என்பதை, 'பெரும்பாலும்' என்பதை எல்லாம் நான் கவனிக்கவில்லை. சாட்சியின் வாயிலிருந்து வேண்டியது வந்ததும் மீதியைக் கேட்காமல் உட்கார்ந்துவிடுகிற ஜூனியரை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்.

"ஒலிப்பதிவு யார் கொடுக்கணும்?"

"கூட வேலை செய்யறவங்க யாராவது. உங்களைவிட வசதியான ஆள் யாரு சார்?" என்று சிரித்தார் டாக்டர்.

வாசுகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கோர்ட் பதிவுகளைக் கொடுத்தேன். அதோடு எங்கள் வீட்டுச் சண்டைகளையும் சேர்த்துக் கொடுத்தேன், ஒன்று விடாமல். அவற்றைக் கேட்டால் எது கோர்ட், எது வீடு என்று எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு என்று ஆரம்பித்து, "இந்த ஆவணத்தை நீங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்கிறீர்கள், சரியா?" என்று என் மளிகைக் கடைச் சீட்டைக் காட்டி அவள் கேட்டிருப்பாள். நான் ஆட்சேபம் எழுப்பியிருப்பேன். இதைப் போட்டதும் அவள் தலை முழுக்கச் சூடு பிடிக்கும். பிரிக்க முடியாது என்று கையை விரிப்பார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கை நான் ஜோடித்ததில்லை. அவளை மையத்தில் விட்டுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு ஈரோடு திரும்பும்போது சந்தோஷத்தில் சீட்டி அடித்தேன்.

அவளைத் திருப்பி அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. சிகிச்சை முடிந்து அவளே டாக்ஸி பிடித்து வந்து இறங்கினாள். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள்.

ஏதோ புதுத் தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை ஆரம்பித்தேன். கழுத்து வரை சாணியில் நிற்கப்போகிறாய் என்றேன். "ஆமாங்க, கஷ்டந்தான். பழகிக்கணும்," என்றாள். உனக்குச் சமைக்கத் தெரியாது, சட்டமும் தெரியாது என்றேன். "சட்டம் சுத்தமா தெரியலீங்க. சமையல் கத்துக்கறேன்," என்றாள். அவள் அண்ணனின் நிலப் பாகப்பிரிவினை வழக்கில் நான் அவருக்கு எதிர்ப்பக்கம் வக்காலத்து வாங்கி ஜெயித்தது எங்கள் வீட்டில் ஆறாத புண். அவள் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. வேண்டுமென்றே நானே அதைக் கிளறினேன். அவள் முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அடடா. அண்ணனுக்கு வருத்தமா இருந்திருக்குமே. நீங்க ஒரு தடவ போய்ப் பேசீட்டு வரலாமுங்களே," என்றாள்.

மேஜை மேல் என் போன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் குரல் மட்டும்தான் சத்தமாக இருந்தது. எடுத்து அணைத்துவிட்டேன்.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. கல்யாணம், ஆதிரை பிறந்தது, என் அம்மா படுக்கையில் கிடந்தது, வீடு கட்டியது, எல்லாம். அவற்றில் எல்லாம் நானும் இருந்தேன், பேசாமல் பக்கத்தில் நிற்கும் ஒரு ஆளாக. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கோடு நின்றேனாம். ஊட்டியில் சால்வை கொடுத்தேனாம். வாய் திறந்த இடங்களில் எல்லாம் நான் காணாமல் போயிருந்தேன். அவளுக்குக் கோபம் இல்லை, அது பரவாயில்லை. என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஒரு நல்ல வீட்டுச் சொந்தக்காரரிடம் குடித்தனக்காரி நடந்துகொள்வது போல நடந்துகொண்டாள்.

ஆதிரை போன் செய்தாள். "அப்பா, அம்மா எவ்வளவு அமைதியா பேசறாங்க. பிரமாதம்ப்பா. உங்களுக்கு நிம்மதியா இருக்குமே?"

நான் போனை வைத்துவிட்டேன்.

வாசுகி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன மறுநாள் நான் கோயம்புத்தூர் போனேன். அந்த மையத்தை இழுத்து மூடாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சட்டத் தொழிலை எடுக்கச் சொன்னால் கணவனை எடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பலமான வழக்கு யாருக்குக் கிடைக்கும்?

டாக்டர் பெனாசிர் நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"நீங்க கொடுத்ததுல பாதி வீட்டுச் சண்டைன்னு முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுது சார். நிறுத்திட்டோம்."

"நிறுத்தினா திருப்பி அனுப்பியிருக்கணும்."

"அதுக்குத் தேவை இல்லாம போச்சு. வீட்டுச் சண்டையை விட்டுட்டு, கோர்ட் பதிவை மட்டும் வெச்சே செய்யலாம்னு தெரிஞ்சுது. கொஞ்சம் நாள் கூடுதலா ஆகும், ஆனா அவங்க நினைவுல நீங்க முழுசா தங்குவீங்க. அதை மேடம்கிட்ட சொன்னேன். நாங்களா எதையும் செய்யறதில்ல. ரெண்டு வழி இருக்கு, இந்தச் சண்டையெல்லாம் சேர்த்தா அவரைப் பத்தின நினைவு பெருசா மிஞ்சாது, சேர்க்கலைன்னா அப்படியே இருக்கும், உங்க முடிவுதான்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒரு நாள் டைம் கேட்டாங்க. மறுநாள் காலையில வந்து, சேர்த்துக்குங்கன்னு சொன்னாங்க."

"ஏன்?"

"காரணம் கேக்கற உரிமை எங்களுக்கு இல்ல சார். உங்களுக்கு இருக்குன்னா அவங்ககிட்டயே கேளுங்க."

நேராக நாமக்கல்லுக்கு வண்டியை விட்டேன். கல்லூரி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகச் சொன்னார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பழுப்புக் கோட்டு, தலையில் ஒரு துண்டு. அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்கு ஆதிரையைவிட வயது குறைவு. அவர்களோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வாங்க. திடீர்னு வந்திருக்கீங்க, வீட்ல எல்லாம் சௌகரியம்தானுங்களே?"

"என்னையும் சேத்து எடுக்கச் சொன்னது நீதானா?"

"ஆமாங்க," என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஏன்?"

"தெரியலீங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"டாக்டரம்மா ஒரு நாள் டைம் கொடுத்தாங்க. அன்னைக்கு முழுக்க ரோசனை பண்ணுனது நல்லா ஞாபகம் இருக்குதுங்க. ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன். மதியம் சாப்பிடல. அழுதேன். என்னத்த நெனச்சு அழுதேன்னு மட்டும் தெரியலீங்க. அது இப்ப இல்ல."

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்ன எத்தனை சாட்சிகளை நான் நார் நாராகக் கிழித்திருக்கிறேன். அதே வேலையை இங்கேயும் ஆரம்பித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

"முந்தின நாள் வரைக்கும் அந்த எண்ணம் உனக்கு இல்ல. சரியா?"

"இருந்துச்சான்னு தெரியலீங்க."

"அந்தப் பதிவைக் கேட்ட பிறகுதான் முடிவு பண்ணுன?"

"இருக்கலாமுங்க."

"அதுல நான் சொன்ன ஏதோ ஒன்னுதான் காரணம். எது?"

"அதையெல்லாம் எடுத்துட்டாங்களேங்க," என்றாள். எனக்கு உதவி செய்ய முடியவில்லையே என்று அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். அது முகத்தில் தெரிந்தது.

"நான் உன்னைக் கொடுமைப்படுத்தினேனா?"

"தெரியலீங்களே. படுத்துனீங்களா?"

சாட்சி திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. அங்கே அதை யாரிடம் போய் முறையிடுவது? பக்கத்தில் ஒரு எருமை என்னைப் பார்த்தபடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றேன்.

"அப்ப சந்தோசமுங்க." பூட்ஸ் நுனியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "நானும் இதை நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சும்மா யாரும் அப்படி ஒரு முடிவுக்கு வர மாட்டாங்க. ரெண்டு பேருல யாரு மேலயோ தப்பு இருந்திருக்கணும். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதே, நீங்களே சொல்லுங்க. யாரு மேலங்க தப்பு? நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்."

இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் நடந்த வழக்கு அது ஒன்றுதான். எனக்குப் பதில் தெரியும். அவள் அண்ணன் வழக்கில் எதிர்ப்பக்கம் நான் ஏன் நின்றேன் என்று தெரியும், ஜூனியர்கள் முன்னால் அவளை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று தெரியும், கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் கலங்கியதும், நான் செய்த கிண்டலும் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு, அதையும் மன்னித்திருப்பாள். எனக்கு மன்னிப்பு வேண்டாம். எனக்கு வாசுகி வேண்டும். எதைச் சொன்னால் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவாளோ அதைச் சொல்ல வேண்டும்.

"உன் மேலதான்," என்றேன். "எல்லாமே உன் மேலதான் தப்பு. ஒன்னு விடாம."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சொல்லடி விழும் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், அந்தச் சாணியிலேயே அவள் காலில் விழுந்திருப்பேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்படிங்களா," என்றாள் மெதுவாக. "உங்களை ரொம்ப நோகடிச்சிருப்பேனாட்ட இருக்குது. மன்னிச்சுக்குங்க."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கேன்டீனில் தக்காளி சாதம் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குள் போனாள். நான் சொன்னது பொய் என்று சொல்வதற்கு இந்த உலகத்தில் இனி ஆள் கிடையாது.